நெல்மணி எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

வணக்கம் ஐயா,

சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அப்புறம் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால், 64 கட்டங்களுக்கும் சேர்த்து 18446744073709551615 நெல் வரும் என்று மகளுக்குக் கதை சொன்னேன். "சரி, ரொம்பப் பெரிய எண். அதில் வேறென்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். 5-இல் முடிகிறது, 5-ஆல் வகுபடும் என்றேன். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்களேன்.

க., கும்பகோணம்

அன்புள்ள க.,

மகள் நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள். நம் வழக்கில் சொன்னால் இது 1,84,467 கோடி கோடியைத் தாண்டும் எண். கதை அந்தப் பிரமிப்போடு முடிந்துவிடும். எனக்கு இந்த எண் பிடித்துப்போனது அது உடைகிற விதத்தால்.

முதலில் இலக்கங்களைக் கூட்டச் சொல்லுங்கள். 87 வரும். ஆகவே 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. அப்புறம், இது 2⁶⁴-இல் ஒன்று குறைவு. 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்தைப் பள்ளியில் பிரிப்போமே, அதேபோல் (2³² − 1) × (2³² + 1) என்று எழுதலாம். முதல் துண்டை மறுபடி அப்படியே உடைக்கலாம். உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் கையில் இருப்பது:

3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

முதல் ஐந்தும் பகா எண்கள். இந்த வரிசையில் (ஓர் எண்ணில் 1 குறைத்து, வர்க்கமாக்கி, 1 கூட்டினால் அடுத்தது வரும்) வருபவை எல்லாமே பகா எண்கள் என்று 17-ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணித மேதை ஆய்லர் ஆறாவதை உடைத்துவிட்டார்: 641 × 6700417. இவை இரண்டும் பகா எண்கள்தான்.

641 வகுக்கும் என்பதைப் பெரிய வகுத்தல் போடாமலே பார்க்கலாம். 641-ஐ இரண்டு விதமாக எழுதுங்கள்: 5 × 2⁷ + 1, அப்புறம் 625 + 16. 641-ஆல் வகுத்த மீதியை மட்டும் கவனித்தால், 5 × 2⁷ என்பது −1 (641-க்கு ஒன்று குறைவு). நான்காம் அடுக்கு எடுத்தால் 625 × 2²⁸ என்பது 1. 625-க்குப் பதில் −16 போடலாம். 16 என்பது 2⁴. ஆக −2³² என்பது 1, அதாவது 2³² + 1-இன் மீதி பூஜ்யம். இந்த வரிகளை எத்தனையோ தடவை எழுதிப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் மனம் நிறைந்துபோகிறது.

இன்னொன்று. பக்கங்களும் கோணங்களும் சமமாக உள்ள 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை அளவில்லாத கோலும் காம்பஸும் மட்டும் வைத்து வரைய முடியும் என்று 1796-இல் கணித மேதை காஸ் கண்டுபிடித்தார். அப்போது அவருக்கு 19 வயது நிறையவில்லை. மேலே உள்ள முதல் ஐந்து எண்களும் அதே குணம் உள்ளவை. அவற்றின் பெருக்கல் 4294967295. இத்தனை பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தையும் கொள்கையளவில் அப்படி வரையலாம். ஒற்றைப்படைப் பக்கங்களில் இதைவிடப் பெரியது எதுவும் இன்றுவரை தெரியவில்லை.

மகளுக்கு ஒரு கணக்கு கொடுங்கள்: நெல் எண்ணுக்கு மொத்தம் எத்தனை காரணிகள்? ஏழு பகா எண்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் சேர்க்கலாம், விடலாம். ஏழு முறை இரட்டித்தால் 128. பலகையின் எட்டாவது கட்டத்தில் இருக்கும் நெல்லும் 128தான்.