டயப்பர் டேப் ஏன் நிற்கவில்லை? சில கேள்விகள், பதில்கள்

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்): சிஸ்டர், பாப்பாவுக்கு இரண்டு மாசம். காலையில் குளிப்பாட்டி டயப்பர் போட்டால் கொஞ்ச நேரத்திலேயே ஒரு பக்க டேப் பிரிந்து தொங்குகிறது. ராத்திரி அதே பாக்கெட்டில் இருந்து எடுத்துப் போட்டது விடியும் வரை நிற்கிறது. பாக்கெட் கோளாறா?

பதில்: ராத்திரி நிற்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அப்புறம் பாக்கெட் மேல் ஏன் பழி போடுகிறீர்கள். எண்ணெய்தான் காரணமாக இருக்கும். என்னதான் பயத்தமாவு போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினாலும் தொடை மடிப்பிலும் இடுப்பிலும் தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தங்கும், அதைவிட அதிகமாகத் தங்குவது குளிப்பாட்டியவர் விரல் நுனியில். அதே விரலால் டேப்பைப் பிரித்து இழுத்து ஒட்டினால் பசை எப்படிப் பிடிக்கும்? இப்போது வரும் பல டயப்பர்களில் பசைக்குப் பதில் கொக்கி டேப் இருக்கிறது. வேட்டியில் ஒட்டுப்புல் ஒட்டுகிற மாதிரி, பொடிப்பொடிக் கொக்கிகள் முன்பக்கப் பட்டையின் நார்களைப் பிடித்துக்கொள்ளும். இந்த டேப்புக்கு பவுடரும் டவல் பஞ்சும் ஆகாது, கொக்கிகளுக்கு நடுவே போய் அடைத்துக்கொள்ளும். பவுடரை டாக்டர்கள் வேண்டாம் என்பது குழந்தை மூச்சில் போய்விடும் என்பதற்காக. டேப்பும் பிடிக்காமல் போகிறது, ஆக இரண்டு காரணத்துக்காகவும் விட்டுவிடுங்கள்.

குளிப்பாட்டி முடித்ததும் இடுப்பை உலர்ந்த பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், நீங்கள் சோப்பு போட்டுக் கை கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள், அதன் பிறகு டேப்பைத் தொடுங்கள். சிவந்த இடத்துக்கு ஜிங்க் கிரீம் தடவுகிறவர்கள் இடது கையால் தடவுங்கள், வலது கை டேப்புக்கு மட்டும். பாட்டியிடம் எண்ணெயை நிறுத்தச் சொல்லிச் சண்டைக்குப் போக வேண்டாம், கை கழுவினாலே போதும்.

கேள்வி (லாஸ்பேட்டை, புதுச்சேரி): பையனுக்கு எட்டு மாசம், ஒன்பதரைக் கிலோ. எம் சைஸ் ஒட்டுற மாடல். உட்கார்ந்தால் போதும், டேப் பட்டென்று விட்டுவிடுகிறது. பாக்கெட்டில் இன்னும் எடை வரம்பு தாண்டவில்லையே?

பதில்: தம்பி, அந்த வரம்புகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறித்தான் இருக்கும். பல கம்பெனிகளில் எம் என்றால் 7 முதல் 12 கிலோ, எல் என்றால் 9 முதல் 14 கிலோ என்று போட்டிருப்பார்கள். உங்கள் பையன் இரண்டிலும் வருகிறான், அதனால் எடையைப் பார்த்து முடிவு கட்ட முடியாது, டேப் எங்கே போய் ஒட்டுகிறது என்று பாருங்கள். முன்பட்டையின் ஓரத்தில் எட்டிப்பிடித்து நிற்கிறதா, எல் வாங்குங்கள். இரண்டு டேப்பும் நடுவில் ஒன்றன் மேல் ஒன்று ஏறுகிறதா, அப்படியானால் சைஸ் பெரிசு. பட்டையைத் தாண்டி வெறும் பிளாஸ்டிக் மேல் ஒட்டினால் கொக்கி டேப் பிடிக்கவே பிடிக்காது.

இன்னொன்று, எந்த நேரத்தில் மாட்டுகிறீர்கள்? பசியோடு வயிறு ஒட்டிக் கிடக்கும்போது இறுக்கி மாட்டிவிட்டு உடனே பால் கொடுத்தால், வயிறு உப்பி டேப்பைத் தள்ளிவிடும். இடுப்புக்கும் டயப்பருக்கும் நடுவே இரண்டு விரல் போகிற அளவுக்கு விட்டு ஒட்டுங்கள். மாட்டும்போது கால்களை மடக்கி வைத்துக்கொள்ளுங்கள், கால் நீட்டிப் படுத்திருக்கும்போது சரியாக இருப்பது உட்கார்ந்தால் இறுக்கும். இரண்டு பக்கத்தையும் ஒரே அளவு இழுங்கள், ஒன்று மேலே ஒன்று கீழே என்று கோணலாக ஒட்டினால் அதிகம் இழுபடுகிற பக்கம் முதலில் விடும்.

அரணாக்கயிறு கட்டியிருக்கிறீர்களா? நம் பக்கத்தில் கட்டாத வீடு குறைவு. கயிறோ வெள்ளியோ, டயப்பர் இடுப்புப் பட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டால் அந்த இடத்தில் ஒரு மேடு விழும், குழந்தை புரளப் புரள டேப் ஓரம் மெல்லத் தூக்கிக்கொள்ளும், தாயத்து முடிச்சு டேப்புக்கு நேர் கீழே வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கயிற்றை மேலே ஏற்றிவிட்டு அதற்குக் கீழே டயப்பரை ஒட்டுங்கள். வளர்கிற பிள்ளை, கயிறு இறுகிவிட்டதா என்றும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

கேள்வி (வில்லியனூர்): பேத்தியைத் தூளியில் போட்டால் மட்டும் டேப் அவிழ்ந்துவிடுகிறது.

பதில்: தூளியில் குழந்தை வளைந்து கிடக்கும், வயிறு மடங்கி டேப்பை அழுத்தும், அதற்கு மேல் மூத்திரத்தில் நனைந்த டயப்பரின் கனம் கீழே இழுக்கும். தூங்கப் போடும் முன் புதிதாக மாற்றுங்கள். எப்படியும் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே டயப்பரை விடாதீர்கள். ஆய் போனால் உடனே மாற்ற வேண்டும்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): நான் துணி டயப்பர்தான் போடுகிறேன், வெல்க்ரோ வைத்தது. முதலில் நன்றாக ஒட்டியது, இப்போது சுருண்டு போய் ஒட்டவே மாட்டேன் என்கிறது. மழைக்காலத்தில் இன்னும் மோசம்.

பதில்: துவைக்கும்போது வெல்க்ரோவைத் திறந்து போட்டுவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அது மெஷினுக்குள் மற்ற துணிகளின் நூலையெல்லாம் கவ்விக்கொண்டு வரும், கூடவே துணியையும் கிழிக்கும். பல டயப்பர்களில் உள்பக்கம் ஒரு சின்னப் பட்டை தைத்திருப்பார்கள், துவைக்கும் முன் வெல்க்ரோவை அதில் மடித்து ஒட்டிவிட வேண்டும், அதற்காக வைத்ததுதான் அது. இப்போது அடைந்திருக்கும் பஞ்சைப் பழைய டூத் பிரஷ்ஷால் வரண்டி, மிச்சத்தை ஊசி முனையால் நெம்பி எடுங்கள், பாதி உயிராவது திரும்பி வரும். துணியை மிருதுவாக்குகிற கண்டிஷனர் போடாதீர்கள், டயப்பர் மூத்திரத்தை உறிஞ்சுவது குறைந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் காயவில்லையே என்று வெளி உறையை இஸ்திரி போடுகிறவர்களும் இருக்கிறார்கள், வேண்டவே வேண்டாம், உள்ளே ஒட்டியிருக்கும் நீர் புகாத படலம் சூட்டில் கெட்டுவிடும். ஃபேனுக்கு அடியில் போடுங்கள். சுருண்டே போய்விட்டால் தையல்காரரிடம் கொடுத்து டிச் பட்டன் வைத்துக்கொள்ளலாம், படலத்தில் ஓட்டை அதிகம் விழாமல் ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (அரியாங்குப்பம்): ஒன்றே முக்கால் வயசு. அவனே டேப்பைப் பிரித்துக் கழற்றி வீசுகிறான், சிரிப்பு வேறு.

பதில்: கையில் வலு வந்துவிட்டது, டேப் பாவம் என்ன செய்யும். பேண்ட் மாடலுக்கு மாறுங்கள், அல்லது மேலே ஒரு ஜட்டி போட்டுவிடுங்கள். நனைந்த உடனே கழற்றுகிறானா என்று மட்டும் கவனியுங்கள், அப்படியென்றால் அவனுக்கு ஈரம் தெரிகிறது, பாத்ரூமில் உட்கார வைத்துப் பழக்க ஆரம்பிக்கலாம்.

கேள்வி (பண்ருட்டி): டேப் பிரிந்தால் செல்லோடேப் ஒட்டலாமா? ஊக்கு குத்தலாமா?

பதில்: இரண்டும் கூடாது. செல்லோடேப் பிரிந்து வந்தால் வாயில் போட்டுக்கொள்ளும், தொண்டையில் சிக்கும், தோலில் ஒட்டினால் உரித்துக்கொண்டு வரும். ஊக்கு திறந்துகொண்டால் குழந்தை வயிற்றில்தான் குத்தும். ஒரு டேப் போய்விட்டால் அந்த டயப்பர் மேல் இறுக்கமான ஜட்டி ஒன்று போட்டு அப்போதைக்குச் சமாளியுங்கள். ஒரே பாக்கெட்டில் அடுத்தடுத்துப் பிய்ந்துகொண்டு வந்தால் பில்லோடு கடைக்கு எடுத்துப் போய் மாற்றித் தரச் சொல்லுங்கள்.