கண்ணை மட்டும் விட்டுட்டு...

அன்புள்ள மேடம்,

காசிமேட்டில் இருக்கிறோம். கணவர் விசைப்படகில் போகிறவர். கரைக்கு வர பத்து நாள்கூட ஆகும். மகனுக்கு 15 வயது, பத்தாவது. போன வாரம் கூட்டாளிகளோடு யாருடைய பைக்கையோ எடுத்துப்போய் போலீசில் மாட்டினான். எச்சரித்து அனுப்பினார்கள். அவனுக்கு என்ன குறை வைத்தேன்? மீன் விற்று டியூஷன் பீஸ் கட்டினேன், செல்போன் வாங்கித் தந்தேன். எல்லாம் சகவாச தோஷம். யூனிபார்ம் போட்டுக் கிளம்புவான். ஸ்கூலுக்குப் போகாமல் துறைமுகத்தில் வலை பின்னுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். எட்டாவதில் ஒரு சார், "நீ புழல் ஜெயிலுக்குத்தான் போவ" என்று எல்லார் முன்னாலும் சொல்லி, பல நாள் வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தார். நானும் இவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்" என்றேன். அது பழைய கதை. இந்தப் பசங்களை எப்படி வெட்டிவிடுவது? ஊருக்கு அனுப்பிவிடலாமா?

— ஒரு தாய்

அன்புள்ள சகோதரி,

'பழைய கதை' என்று தாண்டிப் போனீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

'கண்ணை மட்டும் விட்டுட்டு' என்பது நம் தாய்மார்கள் வழக்கமாகச் சொல்வதுதான். சாரை நம்பிச் சொன்னீர்கள். ஆனால் பக்கத்தில் நின்ற 13 வயதுப் பையனுக்கு, சாரும் அம்மாவும் ஒரு கட்சி, தான் தனி என்றுதான் பட்டிருக்கும். கதவுக்கு வெளியே நின்றவனுக்குப் பாடம் எப்படி ஏறும்? மார்க் போனது, மானமும் போனது. அப்போது 'வாடா' என்று கூப்பிட்டது அந்தப் பசங்கள்தான். முதலில் ஸ்கூல் தள்ளியது, அப்புறம்தான் சகவாசம் பிடித்துக்கொண்டது.

டிராவிஸ் ஹிர்ஷி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1969-லேயே இதைச் சொன்னார். பள்ளிமேல் ஒட்டுதல், ஆசிரியர் நம்மைப் பற்றி என்ன நினைப்பாரோ என்ற எண்ணம், இவையெல்லாம் பிள்ளையைப் பிடித்துவைக்கும் கயிறு. அறுந்தால் தப்பு செய்யத் தயக்கம் குறையும். 'புழலுக்குப் போவாய்' என்று முடிவுகட்டியவர் நினைப்பைப் பற்றி அவன் ஏன் கவலைப்படப் போகிறான்? 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, அடிப்பதோடு மனத்துன்பம் தருவதையும் தடை செய்கிறது. நீங்களே சொன்னாலும் அந்தச் சாருக்கு உரிமை கிடையாது.

பைக் எடுத்தது தப்புதான், மழுப்ப வேண்டாம். ஆனால் ஊருக்கு அனுப்புவது அவனை மறுபடியும் வெளியே நிற்கவைப்பது. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். "அன்றைக்கு உன் பக்கம் நிற்காமல் போனேன்" என்று அவனிடம் சொல்லுங்கள். பதில் பேசமாட்டான், பரவாயில்லை. கணவர் கரைக்கு வந்ததும் இருவருமாக வகுப்பாசிரியரைப் பாருங்கள். அவனையும் கூட்டிப்போங்கள். இந்த முறை அவன் காதில் என்ன விழவேண்டும் என்று முந்தின இரவே யோசித்துவையுங்கள்.