ஐஆர்எஸ் கடிதம் வந்திருக்கிறது, ஊர்க் கணக்குகளைக் காட்டவில்லை: டேக்ஸ் அட்டர்னியை எப்படித் தேர்ந்தெடுப்பது, முதல் சந்திப்புக்கு என்ன தயார் செய்வது?

கேள்வியின் சாரம் இது: எச்1பி வேலை விசாவில் அமெரிக்காவில் இருக்கும் ஒருவருக்கு அந்நாட்டு வரித் துறையான ஐஆர்எஸ்ஸிலிருந்து சிபி2000 கடிதம் வந்திருக்கிறது. ஊரில் இருக்கும் எஃப்டி, என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டில் வசிக்கும் இந்தியருக்கான வங்கிக் கணக்கு), மியூச்சுவல் ஃபண்டு எதையும் அவர் அமெரிக்க ரிட்டர்னில் இதுவரை காட்டியதில்லை. சிபிஏ (லைசென்ஸ் பெற்ற கணக்காளர்) போதுமா, அட்டர்னி (வரி வழக்கறிஞர்) வேண்டுமா, முதல் கன்சல்டேஷனுக்கு என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

சிபி2000 மட்டும்தான் சிக்கல் என்றால் அட்டர்னிக்குக் கொடுக்கும் பணம் வீண். அது ஆடிட்கூட இல்லை. கம்பெனியும் புரோக்கரும் ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பிய தொகையோடு உங்கள் ரிட்டர்ன் ஒத்துப்போகவில்லை என்று சொல்லும் கடிதம், அவ்வளவுதான். ஐடி வேலைக்காரர்களுக்கு இது பல நேரம் ஆர்எஸ்யூ பங்கு, அதாவது கம்பெனி சம்பளத்தோடு தரும் பங்கு, விற்றதில் வரும். புரோக்கர் அனுப்பும் 1099-பி படிவத்தில் விற்ற தொகை இருக்கும். வாங்கிய விலை பூஜ்யமாகவோ காலியாகவோ இருக்கும். விற்ற தொகை முழுவதையும் லாபமாக எடுத்துக்கொண்டு வரி கேட்பார்கள். நல்ல சிபிஏ அல்லது என்ரோல்டு ஏஜென்ட் (ஐஆர்எஸ் உரிமம் பெற்ற வரி ஆலோசகர்) புரோக்கரின் துணை அறிக்கையை வைத்து இதை முடித்துவிடுவார்.

ஆனால் உங்கள் ரிட்டர்னில் காட்டாத இந்திய வட்டியும் இருக்கிறது. “என் வருமானம் எல்லாம் ரிட்டர்னில் இருக்கிறது” என்று பதில் கடிதத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால், நாளை அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி. பதில் அனுப்பும் முன் அட்டர்னியைப் பாருங்கள்.

அட்டர்னி என்றால் கூடுதலாக என்ன கிடைக்கிறது? ரகசியக் காப்பு. சிபிஏ-விடம் பேசுவதற்கும் வரிச் சட்டத்தின் 7525-ஆம் பிரிவு ஓரளவு காப்பு தருகிறது. கிரிமினல் வழக்கில் அது செல்லாது, ரிட்டர்ன் தயாரிக்கச் சொன்ன விவரங்களுக்கும் செல்லாது. அட்டர்னியிடம் ஆலோசனைக்காகச் சொன்னதற்குக் காப்பு உண்டு, முதல் சந்திப்போடு அவர் வேண்டாம் என்று வந்துவிட்டாலும்கூட. கணக்குப் போட ஆள் வேண்டுமென்றால் அட்டர்னியே வேறொரு சிபிஏ-வை அமர்த்துவார். 1961-இல் வந்த கோவெல் தீர்ப்பை ஒட்டி இதற்குக் ‘கோவெல் ஏற்பாடு’ என்று பெயர். உங்கள் பழைய ரிட்டர்ன்களைப் போட்ட சிபிஏ-வையே இதற்கு வைத்துக்கொள்வது சரிவராது, அவரே சாட்சியாக நிற்க வேண்டி வரலாம். ஒன்று நினைவிருக்கட்டும்: காப்பு பேச்சுக்குத்தான். வங்கி ஸ்டேட்மென்டை அட்டர்னி கையில் கொடுத்ததால் அது ரகசியம் ஆகிவிடாது.

அட்டர்னியைத் தேடும்போது, பக்கத்து ஊரில் இருக்க வேண்டும் என்று குறுக்கிக்கொள்ள வேண்டாம். ஏதாவது ஒரு மாநிலத்தில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் ஐஆர்எஸ் முன் நாடு முழுவதற்கும் ஆஜராகலாம். லைசென்ஸும் ஒழுங்கு நடவடிக்கை விவரமும் அந்த மாநில வழக்கறிஞர் (பார்) அமைப்பின் தளத்தில் பெயரைத் தட்டினால் வரும். கலிஃபோர்னியா, டெக்சஸ், ஃப்ளோரிடா மாநிலங்களில் வரிச் சட்டத்துக்குத் தனி ஸ்பெஷலிஸ்ட் சான்றிதழ் உண்டு. வரிச் சட்டத்தில் எல்எல்எம் என்ற முதுகலைப் பட்டம் இருப்பது நல்லதுதான். ஆனால் எஸ்டேட் பிளானிங் மட்டும் செய்பவரிடமும் அந்தப் பட்டம் இருக்கும். அதனால் போனிலேயே நேராகக் கேளுங்கள்: ஸ்ட்ரீம்லைன்ட் கேஸ்கள் (வேண்டுமென்றே இல்லாமல் விட்டுப்போன வெளிநாட்டுக் கணக்குகளைத் தாமாகவே காட்டிச் சரிசெய்யும் ஐஆர்எஸ் வழி) எத்தனை நடத்தியிருக்கிறீர்கள், ஐஆர்எஸ் திருப்பிக் கேள்வி கேட்டவை உண்டா, என் ஃபைலை நீங்களே பார்ப்பீர்களா, ஜூனியரா? “டாலருக்குச் சில காசு கட்டினால் போதும்” என்று ரேடியோவில் விளம்பரம் செய்யும் கம்பெனிகள் வேறு ரகம். பேப்பரைப் பார்க்காமலே முடிவைச் சொல்பவரிடம் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வாங்காதீர்கள்.

இனி தயாரிப்பு. ஐஆர்எஸ் கடிதத்தின் எல்லாப் பக்கங்களும் வேண்டும், உறையோடு. சிபி2000-க்குப் பொதுவாக 30 நாள். கடைசித் தேதி கடிதத்திலேயே இருக்கும், அவகாசம் கேட்டால் தருவது வழக்கம். பதிலே போகாவிட்டால் அடுத்து வருவது டெஃபிஷன்சி நோட்டீஸ், அதாவது இவ்வளவு வரி குறைகிறது என்று முறைப்படி சொல்லும் கடிதம். அதில் டேக்ஸ் கோர்ட்டுக்குப் போக 90 நாள். அதை ஐஆர்எஸ் அதிகாரியே நினைத்தாலும் நீட்டித்துத் தர முடியாது. அப்பாயின்ட்மென்ட் கேட்கும்போதே கடைசித் தேதியைச் சொல்லிவிடுங்கள்.

ஐஆர்எஸ் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய் ஒவ்வோர் ஆண்டுக்கும் அக்கவுன்ட் டிரான்ஸ்கிரிப்ட் (அந்த ஆண்டுக் கணக்கில் ஐஆர்எஸ் செய்த பதிவுகள்), வேஜ் அண்ட் இன்கம் டிரான்ஸ்கிரிப்ட் (உங்கள் வருமானம் பற்றி மற்றவர்கள் ஐஆர்எஸ்ஸுக்கு அனுப்பியவை) இரண்டையும் இறக்குங்கள். அக்கவுன்ட் டிரான்ஸ்கிரிப்டில் 420 என்ற குறியீட்டு எண் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் அந்த ஆண்டின் ரிட்டர்ன் ஆடிட் பக்கம் போயிருக்கலாம். இது ஏன் முக்கியம் என்றால், வேண்டுமென்றே மறைக்காதவர்களுக்கான ஸ்ட்ரீம்லைன்ட் வழி, எந்த ஆண்டுக்காவது ஆடிட் தொடங்கிவிட்டால் மூடிவிடும். அமெரிக்காவில் வசிப்பவருக்கு அந்த வழியில் 3 ஆண்டுத் திருத்திய ரிட்டர்ன், 6 ஆண்டு எஃப்பார் (வெளிநாட்டு வங்கிக் கணக்குகளைத் தெரிவிக்கும் அறிக்கை), கூடவே 5 சதவீத அபராதம். அந்த வழி இல்லையென்றால் எஃப்பார் தவறியதற்கு ஆண்டுக்குச் சட்டத்தில் எழுதியபடி 10,000 டாலர் வரை, அதுவும் பணவீக்கத்துக்கு ஏற்ப ஏற்கெனவே அதைத் தாண்டி உயர்ந்துகொண்டே போகும் தொகை. வேண்டுமென்றே மறைத்தது என்று முடிவானால் 1,00,000 டாலர் (இதுவும் பணவீக்கத்தோடு உயரும்) அல்லது கணக்கில் இருந்த பணத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அதுவரை போகலாம்.

அடுத்தது ஊர்க் கணக்குகளின் பட்டியல். எல்லாக் கணக்கும் சேர்ந்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் போட்டிருக்க வேண்டும். வங்கி, கணக்கு எண், யார் யார் பெயரில், திறந்த தேதி, மூடிய தேதி, ஒவ்வோர் ஆண்டிலும் இருந்த அதிகபட்ச இருப்பு என்று ஒரே எக்செல் தாளில் போடுங்கள். ரூபாயை டாலராக்க அந்தந்த ஆண்டு டிசம்பர் 31-க்கு அமெரிக்கக் கருவூலம் வெளியிட்ட ரேட்டைத்தான் எடுக்க வேண்டும், கூகுள் காட்டும் இன்றைய ரேட்டை அல்ல. அப்பா, அம்மாவோடு ஜாயின்ட்டாக இருக்கும் கணக்கும் முழுத்தொகைக்குச் சேரும். “அது அப்பா பணம், நான் தொட்டதே இல்லை” என்பதை அட்டர்னியிடம் சொல்லுங்கள், ஆனால் பட்டியலிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

வட்டிக் கணக்கில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இந்திய வங்கிகள் தரும் வட்டிச் சான்றிதழ் ஏப்ரல் முதல் மார்ச் வரை. அமெரிக்க ரிட்டர்ன் ஜனவரி முதல் டிசம்பர் வரை. சான்றிதழை அப்படியே போட்டால் ஆண்டுகள் குழம்பிவிடும். முழு ஸ்டேட்மென்டை இறக்கி, வட்டி வரவு வைத்த தேதிகளைக் காலண்டர் ஆண்டுவாரியாகப் பிரியுங்கள். விட்டுப்போன எஃப்டி ஏதாவது உண்டா என்று பார்க்க இந்திய வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் பதிவான வருமானத்தையும் வரியையும் காட்டும் ஏஐஎஸ், 26ஏஎஸ் அறிக்கைகள் இரண்டும் உதவும். டிடிஎஸ் பிடித்த விவரமும் அதிலேயே கிடைக்கும், அமெரிக்காவில் கிரெடிட் கேட்க அது தேவை. என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, அமெரிக்காவில் உண்டு. இந்த ஒரு புள்ளியில் விழுந்தவர்கள் ஏராளம். மியூச்சுவல் ஃபண்டுக்கு, ஃபண்டுக் கணக்குகளைப் பராமரிக்கும் நிறுவனங்களான கேம்ஸ், கேஃபின்டெக் தரும் ஒருங்கிணைந்த ஸ்டேட்மென்டை ஆரம்பத்திலிருந்து எடுங்கள். அந்த ஃபண்டுகள் அமெரிக்கச் சட்டத்தில் பிஃபிக் என்ற வெளிநாட்டு முதலீட்டு வகையில் சேரும், ஃபண்டுக்கு ஒரு 8621 படிவம். எத்தனை ஃபண்டு என்பது அட்டர்னி சொல்லும் ஃபீஸையே மாற்றிவிடும்.

போட்ட ரிட்டர்ன்களை எடுத்துப்போகும்போது வட்டியும் டிவிடென்டும் காட்டும் ஷெட்யூல் பி பக்கத்தை மேலே வையுங்கள். அதன் 7ஏ வரியில் வெளிநாட்டுக் கணக்கு உண்டா என்று கேள்வி இருக்கும். நீங்கள் ‘இல்லை’ என்று டிக் அடித்தீர்களா, சாஃப்ட்வேர் தானாகப் போட்டதா, சிபிஏ கேட்காமலே போட்டாரா? சிபிஏ ஆண்டுதோறும் அனுப்பும் கேள்வித்தாளில் இதே கேள்விக்கு என்ன எழுதினீர்கள்? அந்த மின்னஞ்சல்களைத் தேடி எடுங்கள். அனுபவமுள்ள அட்டர்னி வரித்தொகையைவிட இதைத்தான் முதலில் கேட்பார். ஸ்ட்ரீம்லைன்டில் தரும் 14654 படிவத்தில், ஏன் தவறினீர்கள் என்பதைப் பொய் சொன்னால் தண்டனை உண்டு என்ற உறுதிமொழியோடு, நடந்ததை நடந்தபடி விவரமாக எழுதித் தர வேண்டும். “தெரியாது” என்ற ஒரு சொல் அங்கே போதாது. ஷெட்யூல் பி-யை எட்டியே பார்க்காமல் “போட்டுடலாம் சார்” என்பவருக்கு இந்த வேலை பழக்கமில்லை.

சந்திப்பில் பாதகமான விஷயத்தை முதலில் சொல்லுங்கள்: 2 ஆண்டுக்கு முன்பே நண்பர் எஃப்பார் பற்றிச் சொன்னது, பணத்தைத் தம்பி கணக்குக்கு மாற்றியது, இப்படி எதுவானாலும். பின்னால் தெரியவந்தால் போட்ட திட்டமே கவிழும். துணைக்கு நண்பரை அறைக்குள் அழைத்துப்போகாதீர்கள், மூன்றாம் ஆள் இருந்தால் ரகசியக் காப்பு போய்விடலாம். கணவன் மனைவி ஜாயின்ட் ரிட்டர்ன் போட்டிருந்து, கணக்குகள் ஒருவருக்கு மட்டுமே தெரியும் என்றால் இருவருக்கும் ஒரே அட்டர்னி சரியா என்று அங்கேயே கேளுங்கள்.

ஃபீஸ் இரண்டு விதம். ஸ்ட்ரீம்லைன்டுக்குப் பலர் மொத்தத் தொகை பேசுவார்கள். மணிக்கணக்கு என்றால் பெரும்பாலும் 6 நிமிடத் துண்டுகளாகப் போடுவார்கள், ஒரு வரி மின்னஞ்சலுக்கும் ஒரு துண்டு. அதனால் கேள்விகளைச் சேர்த்து வாரம் ஒருமுறை அனுப்புங்கள். என்கேஜ்மென்ட் கடிதத்தில் (அட்டர்னியோடு போடும் ஒப்பந்தம்) மாநில ரிட்டர்ன் திருத்தம், சிபிஏ செலவு, ஐஆர்எஸ் திருப்பிக் கேட்டால் வரும் வேலை இவை சேர்ந்தவையா என்று வாசியுங்கள். முன்பணம் டிரஸ்ட் கணக்கில் (வாடிக்கையாளர் பணத்தை அட்டர்னி தனியாக வைக்கும் கணக்கு) இருக்குமா, மீதி திரும்ப வருமா என்பதும் அதில் இருக்க வேண்டும். உங்கள் சார்பில் ஐஆர்எஸ்ஸிடம் பேச அட்டர்னிக்கு அதிகாரம் தரும் 2848 படிவத்தில் கையெழுத்துப் போடும்போது ஆண்டுகள் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்; ‘எல்லா ஆண்டுகளும்’ என்று எழுதினால் ஐஆர்எஸ் திருப்பி அனுப்பும்.

அதுவரை கணக்கை மூட வேண்டாம், பணத்தை நகர்த்த வேண்டாம், பழைய மின்னஞ்சலை அழிக்க வேண்டாம், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் பேச வேண்டாம். யாரோ சொன்னார்கள் என்று சத்தமில்லாமல் திருத்திய ரிட்டர்னை நீங்களே அனுப்பிவிடவும் வேண்டாம், அதற்கு ஸ்ட்ரீம்லைன்டின் பாதுகாப்பு கிடையாது. ஐஆர்எஸ் கிரிமினல் பிரிவு ஏஜென்ட் வீட்டுக்கு வந்தால் அவருடைய கார்டை வாங்கிக்கொண்டு, அட்டர்னி மூலம் பேசுகிறேன் என்று சொல்லிக் கதவைச் சாத்தலாம், அதில் தப்பே இல்லை.