உள் இதழ் நீண்டிருப்பது குறையா?

கேள்வி: வயது 26. பிறப்புறுப்பின் உள் இதழ்களில் ஒன்று நீண்டு வெளியே தெரிகிறது, ஓரமும் கறுப்பு. சைக்கிள் ஓட்டினால் எரிகிறது. திருமணத்துக்கே தயக்கமாக இருக்கிறது. ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

பதில்: எரிச்சலையும் தோற்றத்தையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டீர்கள். முதலில் தோற்றம். 2005இல் வெளியான லண்டன் ஆய்வில் 50 பெண்களை அளந்தார்கள். உள் இதழின் அகலம், அதாவது அடியிலிருந்து வெளி ஓரம் வரை, 7 மி.மீ. முதல் 50 மி.மீ. வரை இருந்தது. ஒருபக்கம் பெரிதாக இருப்பதும் ஓரம் கறுத்திருப்பதும் இயல்பே. வெளுப்பாக்கும் க்ரீம் எதையும் அங்கே தடவாதீர்கள், தோல் புண்ணாகும்.

எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் உரசல்தான். சைக்கிள் சீட்டின் மூக்கு மேல்நோக்கி இருந்தால் பாரம் முன்பக்கம் விழும். சமமாகவோ மிக லேசாகக் கீழ்நோக்கியோ வையுங்கள். சீட் அதிக உயரமாக இருந்தால் மிதிக்கும்போது இடுப்பு இருபக்கமும் ஆடித் தேய்க்கும். நடுவில் பள்ளமுள்ள சீட் நல்லது. பேட் வைத்துத் தைத்த சைக்கிள் ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை வேண்டாம், அறுப்பது அதன் தையல்தான். ஏறுமுன் பட்டாணி அளவு பெட்ரோலியம் ஜெல்லியை இதழ்களில் தடவி, விரலால் உள்ளே மடித்துவிடுங்கள். (லேடெக்ஸ் ஆணுறையை இது பலவீனமாக்கும், கவனம்.) இறங்கியதும் வியர்வைத் துணியை மாற்றுங்கள். கழுவ வெறும் தண்ணீர் போதும். சோப்பும் வாசனை வாஷும் எரிச்சலைக் கூட்டும். முடியை மழிக்காமல் கத்தரித்தால் போதும்.

இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் மகளிர் நல மருத்துவரிடம் காட்டுங்கள். விடாத அரிப்பு, தயிர் போன்ற வெள்ளைப்படுதல், வெண்திட்டு, புண், கட்டி இருந்தால் காத்திருக்கவே வேண்டாம். நீங்களாக ஸ்டீராய்டு கலந்த களிம்பு வாங்கிப் போட்டால் நோயின் அடையாளம் மாறிவிடும், கண்டுபிடிப்பது சிரமம்.

ஆபரேஷன் உண்டு, இவ்வளவும் செய்தும் உரசல் தீராதபோது யோசிக்கலாம். தையல் பிரிவது, உணர்ச்சி குறைவது, தழும்பு வலிப்பது, உடலுறவில் வலி எல்லாம் நேரலாம். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. சைக்கிளுக்கும் உறவுக்கும் சுமார் ஆறு வாரம் இடைவெளி வேண்டும். தோற்றத்துக்காக மட்டும் என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன். படங்களில் காணும் 'சீரான' உறுப்புகளில் பல திருத்தப்பட்டவை. தினமும் பலமுறை கண்ணாடியில் பார்க்கிறீர்கள், அதை நினைத்தே திருமணப் பேச்சைத் தள்ளிப்போடுகிறீர்கள் என்றால், சர்ஜனுக்கு முன் மனநல ஆலோசகரைப் பாருங்கள். எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை இதற்குக் கைகொடுக்கும்.