குச்சி இல்லாத ஊதுபத்தி

(சென்ற இதழில், மகனைப் பார்க்கச் சீனத்து நகரான செங்டு போனபோது அப்படியே திபெத்தின் தலைநகர் லாசாவும் போய்வந்தேன் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். அதன்பிறகு வந்த கடிதங்களில் பாதி திபெத்துச் சாமான்களைப் பற்றியவை. ஆகவே இம்முறை ‘ரீச்சரிடம் கேளுங்கள்’ முழுக்க அதுதான்.)

ரீச்சர், எங்கள் மகளும் செங்டுவில்தான் மருத்துவம் படிக்கிறாள். ஆவணியில் அவளோடு லாசா போகிறோம். சொந்தக்காரருக்கு என்ன வாங்கி வரலாம்? பெட்டியில் இடமும் குறைவு, கையில் காசும் குறைவு.
– சி.ம., உவர்மலை

முதல் நாள் ஒன்றுமே வாங்காதீர்கள். லாசா கிட்டத்தட்ட 3,650 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு அன்று முழுக்கத் தலை இடித்தது. அந்தத் தலையோடு கடைக்குப் போய்த்தான் ஏமாந்தேன். அதைக் கீழே சொல்கிறேன்.

கடைத்தெரு என்றால் பார்கோர். ஜோகாங் கோயிலைச் சுற்றி ஓடும் வீதி, எங்கள் வெளிவீதி மாதிரி. சனம் கையில் மந்திரம் அடைத்த மணிச்சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு வலமாகத்தான் வரும். தாண்டிவந்த கடையில் ஏதாவது மனதில் நின்றால் எதிராகத் திரும்பி நடக்காமல் இன்னொரு சுற்று வாருங்கள். நான் ஐந்து சுற்று வந்தேன். புண்ணியமும் கிடைத்தது, நாலு கடை விலையும் தெரிந்தது. இன்னும் ஒன்று சொல்கிறேன்: செங்டுவிலேயே வூஹோ கோயிலடியில் திபெத்தியக் கடைகள் வரிசையாக உண்டு. போகும் வழியில் அங்கே விலை கேட்டுவைத்தால் பார்கோரில் பேரம் பேச வாய் வரும்.

உங்கள் இரண்டு குறைக்கும் பொருத்தமானது ஊதுபத்தி. லாசாவுக்கு மேற்கே நியேமோ என்ற இடத்தில் செய்வது பேர்போனது. சைப்பிரஸ் மரக்கட்டையை ஓடைத் தண்ணீரில் சுழலும் ஆலையில் தேய்த்துக் கூழாக்கி, காயவைத்து, மூலிகைகளும் வாசனைச் சரக்கும் கலந்து பிசைகிறார்கள். பிறகு எங்களுக்கு இடியப்ப உரல் செய்கிற வேலையை அங்கே மாட்டுக் கொம்பு செய்கிறது. கொம்பின் நுனியில் துளை. உள்ளே மாவை அடைத்துப் பெருவிரலால் அமுக்க, நூலாக இறங்குகிறது. நடுவில் மூங்கில் குச்சி கிடையாது. அதனால் லேசில் முறியும். நான் ஒரு கட்டு ஊதுபத்தியைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து தூளாக்கிவிட்டேன். தூளைத் தணலில் போட்டேன், வீணாகவில்லை. நீங்கள் கெட்டிப் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். மல்லிகை, சந்தன வாசத்தை எதிர்பார்க்க வேண்டாம். மழை பெய்து ஓய்ந்த மரக்காலைக்குள் போனால் ஒரு மணம் வருமே, அது.

அடுத்தது பங்தென். பெண்கள் இடுப்பில் கட்டும் கோடுபோட்ட கம்பளித் துணி. வழக்கப்படி மணமானவர்கள் கட்டுவது. ஒடுங்கிய தறியில் நெய்த மூன்று துண்டுகளைப் பக்கம் பக்கமாகத் தைத்திருப்பார்கள். கோடுகள் ஒன்றோடொன்று சேராமல் விலகித்தான் நிற்கும். “பிழையாத் தைச்சிட்டாங்கள்” என்று மகன் கடைக்காரியிடம் விலை குறைக்கப் பார்த்தான். அதுதான் அதன் அழகே. மருதமுனைச் சாரம் தெரிந்த கைக்கு இந்த நெசவைத் தொட்டதும் பிடித்துப்போகும். மேசை விரிப்பாகவும் போடலாம். கம்பளம் இன்னும் நல்லது. ஆனால் படுக்கை அளவுக் கம்பளமே மூன்றடிக்கு ஆறடி, உங்கள் பெட்டி தாங்காது.

இனி நான் ஏமாந்த கதை. தங்கா என்பது துணியில் எழுதும் தெய்வப் படம். பருத்தித் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுண்ணப்பொடியும் பசையும் பூசித் தேய்த்து, கல்லை அரைத்தெடுத்த வண்ணத்தால் மாதக்கணக்கில் எழுதுகிறார்கள். கடைசியில்தான் கண். எங்கள் கோயிலில் சிலைக்குக் கண் திறப்பது போலவே. நான் வாங்கியது அச்சடித்த படம், மேலே ஓரங்களில் மட்டும் பொன்மை தீட்டியது. முப்பது வருடம் சித்திரம் படிப்பித்த எனக்கே அந்தத் தலையிடியில் தெரியவில்லை. பூதக்கண்ணாடி கொண்டுபோங்கள், அச்சென்றால் புள்ளி புள்ளியாகத் தெரியும். பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். தெய்வத்தின் நெற்றி, தொண்டை, நெஞ்சு வருகிற இடங்களில் ஓம், ஆ, ஹூம் என்று எழுதும் வழக்கம் உண்டு. என் படத்தின் பின்பக்கம் வெறும் வெள்ளை.

மோதிரத்துக்குள் நுழையும் சால்வை என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் தொடவே வேண்டாம். அது சிரு என்ற மானைக் கொன்று எடுத்த மயிர். உலகம் முழுக்க அதன் வியாபாரத்துக்குத் தடை.

உப்புவெளியில் ஒரு கடையில் ‘திபெத்தியப் பாடும் கிண்ணம்’ வாங்கினேன். ஏழு உலோகம் கலந்தது, திபெத்தில் செய்தது என்றார்கள். கணவர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.
– ஒரு வாசகி, பாலையூற்று

சிரிக்கட்டும், பாதி அவர் பக்கம்தான் நியாயம். இந்தக் கிண்ணங்களில் பெரும்பாலானவை நேபாளத்தில் செய்தவை. ஏழு கிரகத்துக்கு ஏழு உலோகம் என்பது விற்பனைக் கதை. உள்ளே இருப்பது செம்பும் வெள்ளீயமும், அதாவது எங்கள் வெண்கலம். லாசாக் கோயில்களில் மணி, கைத்தாளம், ஆள்நீளக் கொம்பு எல்லாம் கேட்டேன். கிண்ணத்தைத் தேய்த்துப் பாட வைத்தவர் ஒருவரையும் காணவில்லை. இதைப் பரப்பியவர்கள் 1970களில் இருந்து மேல்நாட்டு இசைக்காரரும் தியானக்காரரும்.

ஆனால் சுத்தியல் தழும்பு தெரிந்தால் அது கையால் அடித்த நல்ல பாத்திரம், காசு வீண் இல்லை. அம்மம்மாவின் வெண்கலச் செம்பு வீட்டில் இருந்தால் பக்கத்தில் வைத்து இரண்டையும் தட்டிப் பாருங்கள். பிறகு கணவரையும் கூப்பிடுங்கள்.

மருமகள் பிள்ளைத்தாய்ச்சி. ‘திபெத்துக் குங்குமப்பூ’ விசேஷமாமே, எடுப்பிக்கலாமா?
– ஹ., கிண்ணியா

சீனத்தில் குங்குமப்பூவுக்குப் பெயரே ‘திபெத்துச் செம்பூ’ என்றுதான். ஆனால் அது காலகாலமாக ஈரானிலும் காஷ்மீரிலும் விளைந்து, திபெத் வழியாகச் சீனம் போனது. பாதையின் பெயர் பூவுக்கு ஒட்டிக்கொண்டது. கொழும்பில் நல்ல கடையில் வாங்கினாலே போதும். பச்சைத் தண்ணீரில் ஓர் இழை போடுங்கள்: உடனே சிவப்பாகக் கரைந்தால் சாயம், மெல்ல மஞ்சள் இறங்கி இழை சிவப்பாகவே கிடந்தால் நல்லது. மருமகளுக்குக் கொடுக்கும் முன் வைத்தியரிடம் ஒரு சொல் கேளுங்கள்.

நீலப்பச்சைக் கல்மாலை அசலா என்று எப்படிப் பார்ப்பது?
– தி., சாம்பல்தீவு

மணியின் துளைக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் சாயம் ஊறிய வேறு கல். கண் கண்ணாகக் கோடிட்ட ‘ட்ஸீ’ மணியைப் பழசென்று மலிவாகத் தந்தால், அது பழசில்லை.

விடுதி வாசலில் கட்டிய திபெத்துக் கொடிகள் ஆறு மாதத்தில் வெளுத்துப்போயின. ஏமாற்றினார்களா?
– க., நிலாவெளி

இல்லை. காற்றும் வெயிலும் கொடியில் அச்சடித்த வேண்டுதல் எழுத்தைத் தின்னத்தான் அதைக் கட்டுவது; அந்த வேண்டுதல் காற்றோடு போகிறதென்று நம்பிக்கை. நிலாவெளி உப்புக் காற்றுக்கு ஆறு மாதமே அதிகம். புதிதாகக் கட்டினால் இடமிருந்து நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள்: வானம், காற்று, தீ, நீர், மண். பழையதைக் குப்பையில் போடாமல் எரித்துவிடுங்கள்.

லாசாவெல்லாம் எங்களுக்கு எட்டாது. தைமாதம் மைசூர் போகிறோம், அந்தப் பக்கம் ஏதும் உண்டா?
– இ.ச., தம்பலகாமம்

உண்டு, பைலகுப்பே. 1961இல் திபெத்து அகதிகளைக் குடியேற்றிய இடம், குசால்நகருக்குப் பக்கத்தில். பெரிய பொற்கோயில் இருக்கிறது. அதைச் சுற்றிய கடைகளில் ஊதுபத்தி, கொடி, கம்பளம் எல்லாம் கிடைக்கும். எங்கள் கடவுச்சீட்டோடு அங்கே இரவு தங்க அனுமதிப் பத்திரம் வேண்டும். காலையில் மைசூரில் பஸ் ஏறிப் பின்னேரம் திரும்பிவிடுங்கள். மத்தியானம் மோமோ சாப்பிடுங்கள், எங்கள் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரம். ஊதுபத்தி வாங்கினால் எனக்கும் ஒரு பெட்டி, காசு தந்துவிடுவேன்.