வேக்குவம் கிளீனர் இடித்து மரச்சாமான்கள் பாழாகாமல் இருக்க

கேள்வி: உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மாமனாரின் அப்பா கட்டிய தொட்டிக்கட்டு வீடு என்பதால் ஆசாரத்து (முன்கூடத்து) தூண்கள், நிலைக்கதவுகள், ஊஞ்சல், கண்ணாடி அலமாரி எல்லாமே தேக்கு. ஆடிக் காற்றுத் தூசைச் சமாளிக்க முடியாமல் போன வருடம் சக்கரம் வைத்த வேக்குவம் கிளீனர் ஒன்று வாங்கினோம். தரை சுத்தமாகிறது, ஆனால் அலமாரியின் அடிச்சட்டத்திலும் கட்டில் கால்களிலும் வெளிறிய கீறல்களும் சிறு பள்ளங்களும் விழுந்துவிட்டன. சைக்கிள் டியூபை வெட்டிக் கால்களில் சுற்றிவிடலாம் என்கிறார் அத்தை. மறுபடியும் சீமாறே போதும் என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்யட்டும் ஐயா?

பதில்: அத்தையின் யோசனையில் பாதி சரியானது. மரத்துக்கும் கருவிக்கும் நடுவே மெத்தென்று ஏதாவது இருந்தே ஆகவேண்டும். ஆனால் அதை மரத்தில் சுற்றக் கூடாது. கருவியில் சுற்ற வேண்டும். உங்கள் வீட்டில் நாற்காலி, கட்டில், அலமாரி என்று எத்தனையோ கால்கள் இருக்கும். இடிக்கிற பொருள் ஒன்றுதான் இருக்கிறது. அதோடு, சைக்கிள் டியூப் பாலிஷின் மேல் கருந்தடம் பதிக்கும். ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் இளக்கமாக வைத்திருப்பதற்காகச் சேர்க்கப்படும் பொருள்கள் நாளடைவில் பாலிஷுக்குள் இறங்கி அதையும் இளக்கிப் பிசுபிசுப்பாக்கிவிடுவது உண்டு. தரை துடைக்கும்போது உள்ளே போகும் ஈரமும் வெளியேற வழியின்றி டியூபுக்கு அடியிலேயே தங்கிவிடும். ஒட்டும் டேப்புகளையும் மரத்தில் ஒட்டாதீர்கள். உரிக்கும்போது பழைய பாலிஷ் அதோடு சேர்ந்து வந்துவிடும்.

வீட்டுக்காரரின் யோசனையை நான் ஏற்கமாட்டேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உங்கள் பக்கம் எவ்வளவு வேகமாக அடிக்கும் என்பதை அங்கே நிற்கும் காற்றாலைகளே சொல்லும். அந்தக் காற்று கொண்டுவந்து போடும் மண்ணைச் சீமாற்றால் கூட்டினால் அதில் ஒரு பகுதி எழும்பி, அரை மணி நேரத்தில் அலமாரியின் மேலும் ஊஞ்சல் பலகையின் மேலும் படிந்துவிடும். பிறகு அதை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்போம். மணலில் இருக்கும் குவார்ட்ஸ், கனிமங்களின் கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7 ஆகும். எந்தப் பாலிஷும் அதற்கு ஈடு கொடுக்காது. மரத்தின் பளபளப்பு மங்குவதற்கு வயதை விட இந்தத் துடைப்பே பெரும்பாலும் காரணமாகிறது. ஆகவே தூசை எழுப்பாமல் உறிஞ்சிக்கொள்ளும் கருவி நல்லதுதான். அதைப் பழக்கப்படுத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

முதலில், எந்தப் பகுதி எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடியுங்கள். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சாக்பீஸ் ஒன்றை எடுத்துத் தரையில் ஓடும் அகலமான நாசிலின் விளிம்புகளிலும், ஸ்டீல் குழாயின் மேலும், மோட்டார் இருக்கும் சக்கர வண்டியின் முன்பக்கத்திலும் தேய்த்துவிட்டு, வழக்கம்போல வீட்டைச் சுத்தம் செய்யுங்கள். பிறகு வெள்ளை ஒட்டியிருக்கும் இடங்களைப் பாருங்கள். காங்கயம் பக்கம் ஒரு வீட்டில் இதே குறைக்காக அழைத்திருந்தார்கள். டார்ச் விளக்கைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து அலமாரியின் அடிச்சட்டத்தில் ஒளி பாய்ச்சியபோது, இரண்டு விரற்கடை உயரத்தில் நகம் பதிந்தது போன்ற சிறு பிறைகள் வரிசையாகத் தெரிந்தன. நாசிலைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் அதன் மேல்விளிம்பு அந்தப் பிறைகளில் கச்சிதமாக உட்கார்ந்தது. அது அவர்கள் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது கட்டிலில் இருந்தது. அடியில் சுத்தம் செய்யக் குழாயைத் தாழ்த்தி உள்ளே தள்ளும் ஒவ்வொரு முறையும், அந்த ஸ்டீல் குழாய் பக்கச் சட்டத்தின் கீழ்முனையில் உரசி, விரல் அகலத்துக்குப் பாலிஷே இல்லாமல் செய்திருந்தது. குனிந்து பார்த்தாலொழிய கண்ணில் படாத இடம் அது.

உறை செய்வதற்கு விலை கொடுத்து எதுவும் வாங்கத் தேவையில்லை. திருப்பூருக்கு இவ்வளவு அருகில் இருந்துகொண்டு பனியன் வேஸ்ட்டுக்கா பஞ்சம்? பழைய பனியன் துணியை மூன்று நான்கு மடிப்பாக மடித்துப் பட்டை போலத் தைத்து, நாசிலின் முன்பக்கத்திலும் இரு பக்கங்களிலும் சுற்றிவரும்படி நூலால் இறுக்கிக் கட்டுங்கள்; தரையைத் தொடும் அடிப்பக்கத்தை மட்டும் துணி மறைக்கக் கூடாது. குழாய்க்கு ஒரு பழைய முழுக்கைச் சட்டையின் கையையோ, பாதம் வெட்டிய நீள சாக்ஸையோ உறையாக மாட்டினால் போதும். வண்டியின் முன்பக்கத்துக்கும் ஒரு பட்டை வேண்டும். ஆனால் காற்று வெளியேறும் துளைகளை எக்காரணம் கொண்டும் மூடாதீர்கள். உள்ளே ஓடும் காற்றை நம்பியே மோட்டார் சூடேறாமல் இருக்கிறது. இந்தத் துணிகளை வாரம் ஒருமுறை கழற்றித் துவைத்துவிடுங்கள். துவைக்காமல் விட்டால் இழைகளில் மணல் சேர்ந்து, காப்பாகக் கட்டியதே உப்புத்தாளாகிவிடும்.

தேக்கை நாம் மிகக் கடினமான மரமாக நினைத்துக்கொள்கிறோம். அது உழைக்கிற மரம், கோணாத மரம், அதன் வைரம், அதாவது முற்றிய நடுமரம், கறையானுக்கு எளிதில் இடம் கொடுக்காது. ஆனால் அடி தாங்குவதில் கருவேலத்தின் அருகில் அதனால் வர முடியாது. மாட்டு வண்டிக்குக் கருவேலத்தையும் வீட்டுக்குத் தேக்கையும் நம் ஆசாரிகள் தேர்ந்தெடுத்ததில் இந்தக் கணக்கு இருந்தது. உங்கள் வட்டாரத்துக்கு அண்டையில்தான் ஆனைமலைத் தேக்குக் காடுகள் இருக்கின்றன. வெட்டிய மரங்களை மலையுச்சியிலிருந்து சறுக்கி இறக்கியதால்தான் டாப்ஸ்லிப்புக்கு அந்தப் பெயரே வந்தது. அப்படி வந்த பழைய மரமாக உங்கள் அலமாரி இருந்தால், அதற்கு இணையான பலகையை இன்று தேடிப்பிடிப்பது எளிதல்ல.

மரத்தை விட மேலே இருக்கும் பூச்சு எது என்று தெரிந்துகொள்வது முக்கியம். பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் நனைத்து, அலமாரியின் பின்புறம் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று இளகிப் பஞ்சில் நிறம் ஒட்டினால் அது அரக்கைக் கரைத்துப் பூசிய பிரெஞ்சு பாலிஷ். மாமனாரின் அப்பா காலத்துச் சாமான் என்றால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அது எளிதில் கீறும், சூட்டுக்கும் ஈரத்துக்கும் வெளுக்கும். ஆனால் புதிதாகப் பூசும் அரக்கு பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடுவதால் கீறிய இடத்தை மட்டும் சரிசெய்துகொள்ளலாம். இளகாவிட்டால் செயற்கைப் பிசினால் ஆன மெலமைன் அல்லது பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷாக இருக்கும்; அவை உரசலைத் தாங்கும், ஆனால் ஓரிடத்தில் பெயர்ந்தால் பெரும்பாலும் அந்தப் பலகை முழுவதையும் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டியதாகிவிடும். மைக்கா ஒட்டிய பிளைவுட் சாமான்களில் நடுப்பகுதிக்கு ஆபத்தில்லை. ஓரத்துப் பட்டியில்தான் நாசில் மாட்டிப் பெயர்க்கும்.

கொத்து வேலைப்பாடு உள்ள தூண்களுக்கும் நிலைக்கும் தரை நாசிலைக் கொண்டுபோகவே கூடாது. நீளமான மென்மயிர் கொண்ட வட்ட பிரஷ் கருவியோடு வந்திருக்கும். அதை மரத்துக்கென்றே ஒதுக்கிவையுங்கள். தரையையோ ஜன்னல் தண்டவாளத்தையோ அதே பிரஷால் சுத்தம் செய்தால் மயிருக்குள் மணல் ஏறி, அடுத்த முறை அது மரத்தில் கோடு போடும். கைப்பிடியில் இருக்கும் சிறு தள்ளுமூடியைத் திறந்துவிட்டால் உறிஞ்சும் வேகம் குறையும். மரவேலைக்கு அந்த வேகம் போதும். பாலிஷ் செதிலாக எழும்பியிருக்கும் இடத்திலும், பதித்த வேலைப்பாடு ஆடும் இடத்திலும் பிரஷைக்கூட வைக்காதீர்கள். குழாயின் வாயில் கொசுவலைத் துண்டு ஒன்றை ரப்பர் பேண்டால் கட்டி, அதை ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மறுகையில் மெல்லிய பெயின்ட் பிரஷால் தூசைக் குழாய்ப் பக்கம் தள்ளிவிடுங்கள். ஏதாவது சில்லு பெயர்ந்து வந்தாலும் வலையில் நின்றுவிடும். அதை எடுத்து மறுபடி ஒட்டிக்கொள்ளலாம்.

வேலையின் வரிசை மேலிருந்து கீழாக இருக்கட்டும்: முதலில் மரம், கடைசியில் தரை. நாற்காலிகளை இழுக்காமல் தூக்கி வேறிடத்தில் வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஊஞ்சல் பலகையைக் கயிற்றாலோ சங்கிலியாலோ உயர்த்திக் கட்டிவிடுங்கள். வயரை மின்சாரப் பிளக் இருக்கும் மூலையிலிருந்து அவிழ்த்துக்கொண்டே போய், உங்களுக்குப் பின்னால் கிடக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பலர் செய்யும் தவறு, வண்டியை அதன் வளையும் குழாயைப் பிடித்து இழுப்பது. நீங்கள் அடுத்த அறைக்குள் போயிருப்பீர்கள்; பின்னால் வரும் வண்டி நிலைக்காலின் முனையில் மோதி நிற்கும்; அது ஏன் வரவில்லை என்று இன்னும் பலமாக இழுப்பீர்கள். வாசற்படியைத் தாண்டும்போது வண்டியைக் கையால் தூக்கி வைப்பது ஒரு நொடி வேலை. சக்கரங்களைத் தொடங்குமுன் துடைத்துவிடுங்கள். சுழலும் பிரஷ் உள்ள கருவியானால், பவானி ஜமக்காளத்தின் குஞ்சங்களை மடித்து உள்ளே தள்ளிவிட்டுத்தான் அருகில் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கட்டிலுக்கும் அலமாரிக்கும் அடியில் கருவியை நுழைக்கும் முன் குனிந்து ஒருமுறை பாருங்கள். மாவு போன்ற நைசான தூள் சிறு குவியலாக இருந்தால் அது காற்று கொண்டுவந்த தூசு அல்ல. மேலே எங்கேயோ வண்டு துளைத்து மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது. தேக்கின் வைரத்தை அது அவ்வளவாகத் தொடாவிட்டாலும், வெளுப்பான வெளிமரத்தையும் மற்ற மரத்தில் செய்த பின்பலகையையும் விடாது. கருவி அந்தத் தூளை நொடியில் விழுங்கிவிடுவதால், பல வீடுகளில் பலகை கையோடு வரும்வரை யாருக்கும் தெரிவதில்லை. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் கறுப்புக் காகிதம் ஒன்றை விரித்துவிட்டு ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். புதுத்தூள் விழுந்திருந்தால் உடனே மருந்து வைக்க வேண்டும்.

தரையை ஈரத்துணியால் துடைப்பது வேக்குவம் போட்ட பிறகுதான். ஈரத்தரையில் இந்தக் கருவியை ஓட்டக் கூடாது. துணியை நன்றாகப் பிழிந்து, மரக்கால்களைச் சுற்றி விரற்கடை தள்ளியே துடையுங்கள்; காலின் அடிப்பகுதி வெட்டுவாய், அதாவது நார் குறுக்கே வெட்டுப்பட்ட முனை, என்பதால் தண்ணீரை மேலே உறிஞ்சும். தேங்காய் எண்ணெய் தடவினால் கீறல் மறையும் என்று உங்கள் பக்கம் சொல்வார்கள். இரண்டு நாளைக்கு மறையும். அந்த எண்ணெய் உலர்ந்து இறுகும் வகை அல்ல என்பதால், அடுத்த காற்றில் வரும் மண்ணெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே விழுந்தவற்றில், வெளிறிய கோடுகள் சில பிளாஸ்டிக்கின் தடமாக மட்டும் இருக்கலாம்; லேசாக நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் துடைத்து உடனே உலர்துணியால் ஒற்றினால் அவை போய்விடும். பள்ளத்தின் மேல் ஈரத்துணி விரித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தால் நசுங்கிய நார் எழும்பும் என்பது உண்மை. ஆனால் அது பாலிஷ் இல்லாத வெறும் மரத்துக்கான வழி. அரக்குப் பாலிஷின் மேல் செய்தால் அந்த இடம் வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். அலமாரியின் பள்ளங்களைப் பிரெஞ்சு பாலிஷ் கையால் போடத் தெரிந்த ஒருவரிடம் விட்டுவிடுங்கள். அவர் முழுவதையும் தேய்த்துவிட்டு பி.யு. அடித்துத் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். மூன்று தலைமுறையாகக் கூடிய அந்த நிறம் ஒருநாள் தேய்ப்பில் போய்விடும், திரும்பி வராது. அடிச்சட்டத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள். ஆடிக் காற்றில் ஈரப் பாலிஷில் தூசு ஒட்டும், ஐப்பசி மழையின் ஈரத்தில் அரக்கு வெளுக்கும். தை பிறந்த பிறகு ஆளை வரவழையுங்கள்.