குற்றம் எது, குற்றவியல் எது: சில கேள்விகளும் பதில்களும்

நாகர்கோவில் நீதிமன்றங்களில் நெடுங்காலம் குற்ற வழக்குகள் நடத்திய மூத்த வழக்கறிஞர் ஒருவர், குமரி மாவட்டத்தின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு அளித்த பதில்கள் இவை.

கேள்வி (தக்கலை, கல்லூரி மாணவி): ஐயா, குற்றத்துக்குச் சட்டம் தரும் வரையறை என்ன? ஒவ்வொரு பாடநூலும் ஒவ்வொன்று சொல்கிறது.

பதில்: நம் சட்டங்களில் 'கிரைம்' என்ற சொல்லுக்கு வரையறை தேடினால் ஏமாற்றமே மிஞ்சும், 'அஃபென்ஸ்' என்ற சொல்லுக்குத்தான் வரையறை உண்டு. நடைமுறையில் உள்ள ஏதேனும் ஒரு சட்டம் தண்டனைக்குரியதாக ஆக்கிய செயலோ செய்யாமையோ குற்றமாகும் என்கிறது 1897ஆம் ஆண்டின் பொது வகைமுறைகள் சட்டம். ஏன் தண்டனை என்றால் குற்றம் என்பதால். ஏன் குற்றம் என்றால் தண்டனை உண்டு என்பதால். இப்படிச் செக்குமாடு போலச் சுற்றிவரும் வரையறை இது என்று கேலி செய்வோர் உண்டு. ஆனால் குடிமகனுக்குக் காவலாக நிற்பதும் இந்தச் சுற்றுதான். செய்த நாளில் குற்றமாக இல்லாத செயலுக்கு ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்வது இந்த அடித்தளத்தின் மேல்தான்.

கேள்வி (குலசேகரம், விவசாயி): எங்கள் விளையில் (தோட்டத்தில்) நின்ற ஏத்தங்குலையை (நேந்திரன் வாழைக்குலையை) இரவில் ஒருவர் வெட்டிக்கொண்டு போனார். கையும் களவுமாகப் பிடித்தபோது, மரத்தில் நின்ற குலையை எடுத்தது திருட்டாகாது என்று வாதாடினார். இது சரியா?

பதில்: பாதி சட்டம் படித்தவர் போலிருக்கிறது. மண்ணோடு ஒட்டி நிற்பது அசையும் பொருள் அன்று, எனவே நிற்கும்வரை அது திருட்டுக்குரிய பொருளாகாது என்பது உண்மை. ஆனால் வெட்டிய கணமே அது அசையும் பொருளாகிவிடுகிறது. வெட்டியதும் நகர்த்தியதும் ஒரே செயலாக இருந்தாலும் அது திருட்டே என்று திருட்டைப் பற்றிய சட்டப்பிரிவின் விளக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் சம்மதமின்றி, உங்கள் வசத்திலிருந்து, நேர்மையற்ற எண்ணத்தோடு அவர் அந்தக் குலையை நகர்த்தினாரா என்பதே கேள்வி. வேலியைத் தாண்டவில்லையே என்பதும் வாதமாகாது. இரண்டடி நகர்த்தினாலும் போதும்.

அந்த 'எண்ணம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். தம்முடைய விளை என்று மனமார நம்பி, எல்லை தெரியாமல் ஒருவர் அதே குலையை வெட்டியிருந்தால், கை செய்த வேலை ஒன்றுதான் என்றாலும் திருட்டு இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, முதல் முறையாகக் குற்றவாளி என்று தீர்ப்பாகி, பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாகவும் இருந்து, அந்தப் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் தண்டனை சமூக சேவை மட்டுமே.

கேள்வி (கருங்கல்): கைமாற்றாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தராதவர்மேல் குற்ற வழக்குப் போட முடியாதா?

பதில்: வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று காட்ட முடிந்தால் அது மோசடி. பின்னால் கை வறண்டு தராமல் போனால் அது உரிமையியல் (சிவில்) வழக்கு மட்டுமே.

கேள்வி (குளச்சல்): பாவமானது எல்லாம் குற்றம்தானே?

பதில்: இல்லை. பிறர் மனைவியோடு கூடுவதைத் தண்டித்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018இல் ரத்து செய்தது. மணமுறிவு கேட்பதற்கு இன்றும் அது காரணமாகும். சிறைக்கு அனுப்பக் காரணமாகாது.

பாவமல்லாதது குற்றமாக்கப்பட்ட எதிர்ப்பக்கமும் உண்டு, அதற்கு நாம் வெளியூர் போக வேண்டாம். உயர்சாதிப் பெண்களைப் போல நாடார் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்று அன்று இந்தப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு 1829இல் அறிவித்தது. 1859இல் அதே அரசு மார்பை மறைக்க அனுமதித்தது, அப்போதும் உயர்சாதியார் உடுத்தும் விதத்தில் கூடாது என்ற நிபந்தனையோடு. தோளில் கிடந்த சீலையில் மாற்றமொன்றும் இல்லை, மாறியது ஆணைதான். ஒரு செயலைக் குற்றமென்று எழுதும் பேனா யார் கையில் இருக்கிறது என்று கேட்கத் தொடங்கும் இடத்தில், சட்டப் படிப்பு முடிந்து, குற்றத்தையும் குற்றவாளியையும் ஆராயும் துறையான குற்றவியல் (கிரிமினாலஜி) தொடங்குகிறது என்பது என் கருத்து.

கேள்வி (பூதப்பாண்டி): முகத்தைப் பார்த்தே குற்றவாளியைச் சொல்லிவிடலாம் என்கிறார்களே?

பதில்: இத்தாலிய மருத்துவர் லொம்பிரோசோ 1876இல் அப்படித்தான் எழுதினார். தாடை, நெற்றி, காது ஆகியவற்றை அளந்து 'பிறவிக் குற்றவாளி' என்ற ஒருவரைக் கண்டதாக நம்பினார். அவர் அளந்து பார்த்த மனிதர்களில் பெரும்பாலோர் சிறையில் இருந்தவர்கள். வெளியே இருப்பவர்களோடு முறையாக ஒப்பிட்டபோது அந்தக் கொள்கை நிற்கவில்லை. இங்கே அதைவிடக் கொடுமையானது நடந்தது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் முழுச் சாதிகளையே பிறப்பால் குற்றவாளிகளாகப் பதிவு செய்தது. 1911க்குப் பின் சென்னை மாகாணத்திலும் கைரேகை பதிவதும் இரவில் காவல் நிலையத்தில் ஆஜராவதும் தொடர்ந்தன. 1939இல் அமெரிக்கச் சமூகவியலாளர் சதர்லேண்ட், கோட்டு அணிந்து அலுவலகத்தில் அமர்ந்து செய்யும் குற்றங்களைப் பற்றிப் பேசிய பிறகுதான், ஏழைகளையே நோக்கியிருந்த இத்துறையின் பார்வை மேல்தட்டுக்குத் திரும்பியது.

கேள்வி (மார்த்தாண்டம்): குற்றவியலைப் படிக்க எங்கே போகலாம்?

பதில்: திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஒரு துறை இருக்கிறது. சேருமுன் ஒரு நாள் நாகர்கோவில் நீதிமன்றத்துக்குப் போய், பின்வரிசையில் அமர்ந்து ஒரு சாட்சியின் குறுக்கு விசாரணையைக் கேளுங்கள். பொதுவாக விசாரணை திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கும், யாரும் தடுக்க மாட்டார்கள்; கைபேசியை மட்டும் அணைத்துவிடுங்கள்.